சுற்றுச்சாலையின் கடைசித் திறப்பு

சுற்றுச்சாலையை இரண்டாகப் பிரிக்கும் கான்கிரீட் நடுச்சுவர், கட்டி முடித்த இரண்டாவது மழைக்காலத்தில் வளர ஆரம்பித்தது. உயரத்தில் அல்ல, நீளத்தில். வண்டிகள் யூ டர்ன் அடிப்பதற்காக ஆங்காங்கே விட்டிருந்த திறப்புகளின் இரண்டு ஓரத்திலிருந்தும், புண் ஆறும்போது தோல் மூடி வருகிற மாதிரி, கான்கிரீட் நெருங்கி வந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டது. மூடிய இடத்தைத் தடவிப் பார்த்தால் தழும்புகூட இல்லை. நெடுஞ்சாலை அதிகாரி ஒருவர் டேப்போடு வந்து அளந்தார். திறப்பு இல்லாத இடத்தில் யாரும் திரும்பக்கூடாது என்ற விதி ஏற்கெனவே இருப்பதால் புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி, திரும்ப இடம் தேடிக்கொண்டு போனார். மறுநாள் மதியம்தான் வீடு போய்ச் சேர்ந்தார் என்று கேள்வி. சனங்கள் பழகிக்கொண்டார்கள். எதிர்ச்சாரித் தையல்காரரிடம் அளவு கொடுத்தவர்கள், சட்டையை வாங்கப் போய்ச் சேர்வதற்குள் இளைத்தோ பெருத்தோ போயிருந்தார்கள். நடந்து போக ஒரு சுரங்கப்பாதை இருக்கத்தான் செய்தது. ஆனால் வண்டி வாங்கியவன் நடப்பானா?

அந்தச் சாலையின் உட்பக்க ஓரத்தில், கடைசியாக மிஞ்சியிருந்த திறப்புக்குக் கொஞ்சம் முன்னால், கூரை இல்லாத வீடு ஒன்று நின்றது. அந்த வீட்டுக்காரியை எல்லாரும் மெஷின்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். ரோட்டையும் பழைய தளங்களையும் குத்தி உடைக்கிற மெஷினை வயிற்றோடு முட்டுக்கொடுத்துப் பிடித்து, நாள் முழுக்க உடைப்பது அவள் வேலை. மெஷினை நிறுத்தி வெகுநேரம் ஆன பிறகும் கை உதறிக்கொண்டே இருக்கும். டீக்கடையில் அவளுக்கு மட்டும் பாதி கிளாஸ்தான் ஊற்றுவார்கள், மீதியை அப்புறம் ஊற்றுவார்கள். அவள் புருஷன் கலவை லாரி ஓட்டுகிறவர். முதுகில் பெரிய டிரம் சுற்றிக்கொண்டே போகுமே, அந்த லாரி. அவருக்கு இண்டிகேட்டர் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது, பொருத்தமாக வைத்திருந்தார்கள். சமையலறையிலிருந்து குளியலறைப் பக்கம் திரும்பும்போதும் அவர் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார். படுக்கையில் புரண்டு படுக்கும்போதும் கை நீளும். கல்யாணமான புதிதில் இரண்டு தடவை மூக்கில் வாங்கிய பிறகு, தூக்கத்திலேயே தலையை நகர்த்திக்கொள்ள அவள் கற்றுக்கொண்டாள். இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள்கூட ஓர் அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏனென்றால் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவருடைய அப்பாவை, திரும்பக்கூடாத இடத்தில் விளக்குப் போடாமல் திரும்பிய ஒரு லாரி சுவரோடு வைத்து அரைத்துவிட்டுப் போனது. அந்த நாளில் இண்டிகேட்டருக்கு மீசைகூட அரும்பியிருக்கவில்லை.

வீட்டை அவர்கள் தங்கள் கையாலேயே கட்டினார்கள். லீவு நாட்களில் செங்கல் அடுக்கி, இரண்டு அறை, ஒரு சமையலறை என்று சுவர் எழுப்பி, மேலே பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, கம்பி கட்டி முடித்தாயிற்று. தளம் போட வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்கு லோடு ஏற்றி வரும் முறை தனக்கே கிடைத்ததில் இண்டிகேட்டருக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த வீட்டுக்குச் சொந்த லாரியில்... சரி, கம்பெனி லாரியில்... கலவை கொண்டு போவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? கலவை ஆலை சாலையின் வெளிப்பக்கம் இருந்தது. கனரக வண்டிகள் திரும்ப அனுமதி உள்ள திறப்பு அப்போது ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அங்கே வந்து, விளக்குப் போட்டு, எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றார். ஒரு பஸ் போனது. பஸ்ஸுக்குப் பின்னால் கார்கள். கார்களுக்குப் பின்னால் ஸ்கூட்டர்கள். ஸ்கூட்டர்கள் ஒழிந்த சமயத்தில் சைக்கிளில் ஒரு கிழவர், ஏதோ பாட்டை முனகிக்கொண்டு, உலகத்தில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்கிற மாதிரி வந்தார். அவருக்கும் வழிவிட்டார். பின்னால் நின்றவர்கள் ஹாரனையும் அதற்கு மேல் தொண்டையையும் அடித்தார்கள். கிழவர் கடந்து முடித்தபோது நடுச்சுவர் இரண்டு பக்கமிருந்தும் வந்து, லாரியின் முன் டயரை லேசாக உரசி, மூடிக்கொண்டுவிட்டது.

மிஞ்சியது அவர் வீட்டுக்குப் பக்கத்துத் திறப்பு மட்டுமே. அங்கே, லாரி படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு, கனரக வாகனங்கள் திரும்பத் தடை என்று எழுதிய பலகை நின்றது. அவர் அந்தப் பலகையைப் படித்தார், கம்பி நீட்டிக்கொண்டு காத்திருந்த தன் வீட்டைப் பார்த்தார், மேலே கையில் மட்டப்பலகையோடு நின்ற பெண்டாட்டியைப் பார்த்தார், நேராகப் போய்விட்டார்.

இப்படித்தான் அவர் சுற்ற ஆரம்பித்தார். ஏற்றிய லோடைத் திருப்பிக் கொண்டுவரக்கூடாது என்பது ஆலையின் விதி. டிரம் நின்றால் கலவை கல்லாகிவிடும், ஆகவே சுழல்கிற டிரம்மை விட்டு ஓட்டுநர் நகரக்கூடாது என்பது இன்னொரு விதி. சாலையில் எங்கேயும் வண்டியை நிறுத்தக்கூடாது. ஓட்டும்போது போன் பேசக்கூடாது. நிறுத்த அனுமதி உள்ள ஒரே இடம் டீசல் பங்கு, அங்கேயும் போன் பேசக்கூடாது. இத்தனை கூடாதுகளுக்கு நடுவே அவருக்கு ஒரே ஒரு வேலைதான் அனுமதிக்கப்பட்டிருந்தது, நேராக ஓட்டுவது. பங்கில் டிரம்மைச் சுழலவிட்டபடி தூங்கி எழுவார், மறுபடி ஓட்டுவார். ஒரு சுற்று முடிய அரை நாள் ஆகும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டைக் கடந்து போவார். வாரநாட்களில் புருஷன் பெண்டாட்டி பேச்சு அந்த இரண்டு தடவையில்தான் நடந்தது.

"சைக்கிளுக்கெல்லாம் வழி விட்டீங்களாமே?" என்று காலையில் அவள் கத்தினாள்.

"எதிர்ல வர்றவங்களுக்குத்தான் முன்னுரிமை!" என்று சாயங்காலம் பதில் வந்தது.

"அப்ப எனக்கு என்ன உரிமை?" என்று மறுநாள் காலையில் கேட்டாள். சாயங்காலம் லாரி சத்தமில்லாமல் போனது. அதற்கு அடுத்த நாள் காலையில், "அதைத்தான் யோசிச்சுக்கிட்டே போறேன்" என்றார். மற்ற வீடுகளில் சோறு வேகும் நேரத்தில் முடிகிற சண்டை அந்த வீட்டில் வாரக்கணக்கில் ஓடியது. அதில் ஒரு வசதியும் இருந்தது. நாக்கு நுனியில் வந்த கெட்ட வார்த்தை, லாரி சுற்றி வருவதற்குள் ஆறிப்போய்விடும்.

வருடங்கள் போயின. டிரம்முக்குள் இருந்த கலவை கெட்டியாகவில்லை. பிசைந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே தளதளவென்று கிடந்தது. ஆலைக்காரர்கள் ஒரு தடவை பங்குக்கு வந்து கைவிட்டுப் பார்த்து, நல்ல சரக்கு என்று தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின்காரி சோற்றைக் கட்டிக்கொண்டு சுரங்கப்பாதை வழியாக அந்தப் பக்கம் போய், பங்கில் லாரி ஏறி, ஒரு சுற்று கூடவே வந்து இறங்குவாள். மூன்றாவது வருடம் பெண் குழந்தை பிறந்தது. புருஷன் வீட்டுக்கே வராமல் எப்படி என்று நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், "லாரின்னா கேபின் இருக்கும்ல அக்கா? அன்னிக்கு பங்குல டீசலுக்குப் பெரிய வரிசை" என்றாள். குழந்தை பேச ஆரம்பித்ததும், முதுகில் டிரம் சுற்றுகிற எந்த லாரியைப் பார்த்தாலும் அப்பா என்று கையாட்டியது. சாலையில் போன கலவை லாரி ஓட்டுநர்கள் எல்லாரும் அந்த வீட்டைத் தாண்டும்போது கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே போனார்கள்.

சுவரை உடைத்துவிடலாமே என்று அவளுக்குத் தோன்றாமல் இருக்குமா? உடைப்பதுதானே அவள் தொழில். ஒரு மதியம் மெஷினை இழுத்துப் போய் நடுச்சுவரில் வைத்துக் குத்தினாள். திறப்பில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தார். அப்புறம், அவள் உடைத்துக்கொண்டு முன்னேற முன்னேற முதுகுக்குப் பின்னால் சுவர் ஆறிக்கொண்டே வருவதைப் பார்த்துவிட்டு, விசிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, நீ எவ்வளவு நேரம் குத்தினாலும் அது மூடிக்கும். உன் கைதான் போகும். அதுக்கு மருந்து யாரு தடவுறது?" என்றார்.

கடைசியில் மெஷினின் குத்தூசியைச் சுவர் உள்ளே வைத்து மூடிக்கொண்டது. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. வெயில் நேரத்தில் தொட்டால் அந்த இடம் மட்டும் லேசாக அதிர்கிறது.

உண்மையான கஷ்டம் மழையோடு வந்தது. கூரைக்குப் பதில் இழுத்துக் கட்டிய தார்ப்பாய் ஒவ்வொரு வருடமும் ஒரு பக்கம் கிழிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒழுகாத மூலைக்கு நகர்வதும், அந்த மூலையும் ஒழுக ஆரம்பித்ததும் கூடவே இருந்த மாமியாரின் படுக்கையை இழுப்பதுமாகக் காலம் போனது. முட்டுக் கட்டைகள் உளுத்தன. கம்பியில் துரு பூத்துக் கை வைத்தால் செதிலாக உதிர்ந்தது. பழகிய கொத்தனார் ஒருவர் வந்து சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மேல தளம் அழுத்திப் பிடிச்சாத்தான் சுவர் நிக்கும். அடுத்த மழைக்குள்ள போட்டாச் சரி. இல்லைன்னா ஆளுங்க வெளியில இருக்கும்போது விழட்டும்னு வேண்டிக்க" என்றார். அன்று சாயங்காலம் மெஷின்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றாள். லாரி வந்தது.

"ஒரே ஒரு தடவை திருப்புங்க! போலீஸ்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்! வீடு விழப் போகுது!"

அந்த ராத்திரி அவள் சரியாகத் தூங்கவில்லை. காலையில் லாரி வந்தபோது இண்டிகேட்டரின் முகம் வீங்கிக் கிடந்தது. "முடியலடி. ஸ்டீயரிங்கைத் திருப்பினா அப்பாவோட ரத்தச் சட்டைதான் கண்ணு முன்னாடி வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடங்களில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் சொன்ன வாக்கியங்களிலேயே நீளமானது அது. அதைச் சொல்லி முடிப்பதற்காக அவர் வேகத்தைக் குறைத்ததில் பின்னால் ஒரு கார்க்காரன் திட்டினான்.

மெஷின்காரி அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டுச் சுவரின் நிழலில் உட்கார்ந்து பாதி கிளாஸ் டீயை ஆறவிட்டுக்கொண்டு, எதிரே இருந்த தடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். இத்தனை வருடத்தில் அதைச் சபித்திருக்கிறாள், எட்டி உதைத்திருக்கிறாள், படித்ததில்லை. படித்து முடித்து எழுந்து, மெஷினுக்குப் புது ஊசி மாட்டி, தன் வீட்டின் அஸ்திவாரத்தைச் சுற்றிக் குத்த ஆரம்பித்தாள்.

"அடி பாவி, இருக்கற சுவரையும் நீயே தள்ளிடுவியா?" என்று மாமியார் ஓடிவந்தாள்.

"தள்ளல அத்தை, அவிழ்க்கறேன். அவரு இங்க வரமுடியாது. நாமதான் அங்க போகணும்."

"வீட்டோடவா?"

"பின்ன? வீட்டை விட்டுட்டுப் போனா தளத்தை யார் தலையில போடுறது?"

மாமியார் சேலையை வரிந்து கட்டினாள். அப்புறம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மறுபக்க மூலையைத் தோண்டினாள். மெஷின்காரியோடு வேலை செய்கிற உடைப்பு ஆட்களும் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார்கள். நாலு பக்கமும் வெட்டி முடிந்ததும் வீடு, கயிறு அவிழ்த்த மாடு மாதிரி ஒரு தடவை உடம்பைச் சிலுப்பியது. அலமாரியில் பாத்திரங்கள் கலகலத்தன. பிறகு அடிவயிறு தரையில் உரச, ஓர் அடி முன்னால் வந்து நின்றது. சமையலறைக் குழாயை வலது பக்கம் திருகினால் வலது பக்கமும், இடது பக்கம் திருகினால் இடது பக்கமும் போவது சீக்கிரத்திலேயே தெரிந்துவிட்டது. அம்மிக்கல்லைத் தரையில் வைத்து அழுத்தினால் நின்றது.

கிளம்புகிற நேரத்தில் மாமியார் மறித்துக்கொண்டாள். "லைட்டு இல்லாம வீடு ஒரு அடி நகரக்கூடாது. என் புருஷன் மேல ஏறினவன் லைட்டு போடல" என்றாள். வலதுபக்கச் சன்னலில் மஞ்சள் பல்பு ஒன்றைக் கட்டினார்கள். அதன் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு மாமியாரே உட்கார்ந்து, போட்டுப் போட்டு அணைத்தாள். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி வெளியே கட்டினார்கள், பின்னால் வருவது தெரிய வேண்டுமே. குழந்தையை நடு அறைத் தொட்டிலில் போட்டாயிற்று. உடைப்பு ஆட்கள் மட்டப்பலகைகளோடு மேலே கம்பிகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டார்கள். மெஷின்காரி குழாயைப் பிடித்தாள்.

வீடு சாலையில் இறங்கி, உள்வரிசைக்கு மாறி, திறப்புக்கு வந்து, விளக்குப் போட்டபடி நின்றது. போலீஸ்காரர் விசில் ஊதினார்.

"கனரக வண்டி திரும்பக்கூடாதுன்னு போட்டிருக்கே, கண்ணு தெரியலயா?"

"தெரியுது சார். கனம்தான். ஆனா வண்டி இல்லையே. வீடு."

போலீஸ்காரர் சுற்றி வந்து பார்த்தார். சக்கரம் இல்லை. நம்பர் பலகை இருக்கிறதா என்று பார்த்தார், வாசலில் கதவு எண் இருந்தது. "லைசென்ஸ்?" என்று கேட்டார்.

"வீட்டுல இருக்கறதுக்கு எதுக்கு சார் லைசென்ஸ்? நான் பாட்டுக்கு சமையலறைல நின்னுக்கிட்டு இருக்கேன்."

"சமையலறை நகருதேம்மா!"

"அது அதோட இஷ்டம்" என்று சன்னலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுப்பா, எனக்கு விரல் வலிக்குது."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். விளக்குப் போட்டிருக்கிறது. கண்ணாடி இருக்கிறது. உள்வரிசையில் நிற்கிறது. எதிரே வருகிறவர்களுக்கு வழி விட்டிருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்தத் திறப்பில் இவ்வளவு ஒழுங்காக வந்து நின்ற எதையும் அவர் பார்த்ததில்லை. எதிர்ச்சாரியிலோ, பஸ்ஸும் காரும் ஸ்கூட்டரும் தாமாகவே நின்றுவிட்டன. ஒரு லாரிக்குக் குறுக்கே எவனும் புகுந்துவிடுவான், ஒரு வீட்டுக்குக் குறுக்கே எவன் புகுவான்? போலீஸ்காரர் கையை உயர்த்தி வா என்றார். மெஷின்காரி குழாயை முழுசாகத் திருகினாள். வீடு முனகிக்கொண்டு திரும்பியது. பின்பக்கச் சன்ஷேடு ஒன்று நடுச்சுவரில் இடித்து உடைந்தது, சுவரிலும் ஒரு துண்டு பெயர்ந்தது. சுவர் அன்றைக்கே ஆறிவிட்டது, சன்ஷேடு ஆறவில்லை. வீடு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த கையோடு கடைசித் திறப்பும் மூடிக்கொண்டது.

கொஞ்ச தூரத்தில், சாலையின் மேம்பாலச் சரிவில் லாரி ஏறிக்கொண்டிருந்தது. இண்டிகேட்டர் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் தன் வீடு வந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கண்ணாடியில் தூரமாகத் தெரிவது நிஜத்தில் பக்கத்தில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். வீடு நிஜமாகவே பக்கத்தில் இருந்தது. அது பாலத்தில் ஏறாமல் கீழே சர்வீஸ் ரோட்டில் இறங்கி, லாரிக்குச் சமமாக ஊர்ந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குச் சரியாகக் கீழே வீட்டின் மேல்பலகை இருந்தது. கலவை வழிந்து இறங்கும் தகரத்தை அவர் அந்தச் சுவருக்கு மேலாக நீட்டினார். டிரம்மை எதிர்ச்சுற்றில் விட்டால்தான் கலவை இறங்கும். அதற்கும் முன்னால் விளக்குப் போட்டுவிட்டுத்தான் விட்டார். வருடக்கணக்காக ஒரே பக்கம் சுற்றிப் பழகிய கலவை, ஒரு நிமிடம் தயங்கி, பிறகு சளசளவென்று இறங்கியது. லாரியும் நிற்கவில்லை, வீடும் நிற்கவில்லை, ஆகவே நிறுத்தத் தடையை யாரும் மீறவில்லை. மேலே ஆட்கள் இழுத்து மட்டம் செய்தார்கள். கீழே மெஷின்காரி குழாயை விட்டு ஒரு கையை எடுத்து, கலவை பலகையில் விழுகிற சத்தத்தைக் கேட்டபடி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். கை உதறவில்லை.

டிரம் காலியானதும் அவரைப் பிடித்துவைத்திருந்த விதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. லாரியை ஆலையில் ஒப்படைத்து, டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவர் நடந்தே வந்தார். பாலம் முடிகிற இடத்தில், வெளிப்பக்கக் காலியிடம் ஒன்றில், வீடு உட்கார்ந்திருந்தது. வாசலுக்கு வந்து, வலது கையை நீட்டி, திரும்பி உள்ளே நுழைந்தார். தொட்டிலில் இருந்த குழந்தை அவர் முதுகைப் பார்த்தது. டிரம் இல்லாததால் கொஞ்சம் சந்தேகப்பட்டு, பிறகு அப்பா என்றது.

"எத்தனை சுத்து சுத்தி வந்திருக்கீங்க, கால் கழுவிட்டு வாங்க" என்றாள் மெஷின்காரி. முன்பு மாதிரி பதிலுக்கு அரை நாள் காத்திருக்க வேண்டியதில்லை என்பது பழக இருவருக்கும் கொஞ்ச காலம் பிடித்தது. ஒருவர் பேசினால் மற்றவர் சாயங்காலம்தான் பதில் சொல்வார்.

நெடுஞ்சாலை அதிகாரி மறுபடி டேப்போடு வந்தார். திறப்பு இருந்த இடத்தில் இப்போது வெறும் சுவர்தான். இருந்தாலும், வீடு படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட புதுப் பலகை ஒன்றை அங்கே நட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு எந்த வீடும் அங்கே திரும்பவில்லை. தபால்காரர் பழைய விலாசத்துக்குப் போய், தரையில் பதிந்த தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்து கடிதம் கொடுத்துப் பழகினார்.

தளம் நன்றாக இறுகிவிட்டது, எந்த மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒன்று மட்டும்தான். அத்தனை வருடம் சுற்றிய கலவை அல்லவா, அது சுற்றுவதை விடவில்லை. சுவர்கள் அசையாமல் நிற்க, மேல்தளம் மட்டும் நாளொன்றுக்கு ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி வருகிறது. அதன் மேல் கட்டிய கொடியில் போட்ட துணிக்கு விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை வெயில் முகத்திலேயே அடிக்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஈரத்துணியோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். இண்டிகேட்டருக்கு அதில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. சைகை காட்டாமல் ஒரு தளம் எப்படித் திரும்பலாம்? அதனால் மாமியாரின் மஞ்சள் பல்பை மாடிக் கைப்பிடிச் சுவரின் மூலையில் கட்டிவிட்டார்கள். அது விட்டுவிட்டு எரிந்துகொண்டிருக்கிறது. பார்த்துப் போக வேண்டியது எதிரே வருகிறவர்கள் பொறுப்பு.